காசு விற்க வருகிறவர்களுக்கும் ஒரு மேஜை போடுங்கள்

நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், அங்கே கடை போடும் வியாபாரிகளுக்கும் வணக்கம்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஏதாவது ஓர் ஊரில் கல்யாண மண்டபம் பிடித்து, வெளியூர் வியாபாரிகளை வரவழைத்து, உள்ளே வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்காமல் நீங்கள் கண்காட்சி நடத்துகிறீர்கள். அதற்குப் பின்னால் எவ்வளவு அலைச்சல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் திருச்சிக்காரன். பள்ளிக்கூட வயதிலிருந்து பழைய காசுகளைச் சேர்க்கிறேன். என் ஆல்பத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் உங்கள் மேஜைகளில் வாங்கியதுதான். அதனால் இதை வெளியாள் ஒருவர் எழுதும் புகாராக நினைத்துவிடாதீர்கள்.

வாங்க வருகிறவர்களுக்கு உங்கள் மண்டபத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரே காசை நாலு மேஜையில் விலை கேட்கலாம், லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மேஜைக்குப் போகலாம். விற்க வருகிறவர்களுக்குத்தான் ஒன்றுமே இல்லை. நோட்டீஸில் 'பழைய நாணயங்கள் வாங்கவும் விற்கவும்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரியை நம்பி வருகிறவர்களில் பெரும்பாலானோர் வாழ்க்கையிலேயே ஒரு முறை காசு விற்கிறவர்கள். அப்பா தவறியிருப்பார், அவருடைய பீரோவில் ஒரு டப்பா கிடைத்திருக்கும். பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு சுருக்குப்பை விழுந்திருக்கும். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். மஞ்சப்பையிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ போட்டுக்கொண்டு வருவார்கள். எந்த மேஜைக்குப் போவது என்று தெரியாமல், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் மேஜையில் அப்படியே கொட்டிவிடுவார்கள்.

அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் நான் ஒரு மேஜையில் காலணாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்கு ஓர் அம்மா வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு, அதற்குள்ளே துணியில் முடிந்த வெள்ளி ரூபாய்கள். வியாபாரி முடிச்சை அவிழ்த்துக் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். விக்டோரியா கொஞ்சம், எட்வர்டு கொஞ்சம், மிச்சமெல்லாம் ஐந்தாம் ஜார்ஜ். ஒரு காசில் மட்டும் அவர் விரல் நின்றது. அதைத் திருப்பி வருடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குவியலில் போட்டார். "எல்லாம் ஒரே ரேட்டும்மா, வெள்ளி எடைக்கு எடுத்துக்கறேன்" என்றார். அந்த அம்மா தலையாட்டினார். தராசு வியாபாரி பக்கம் திரும்பியிருந்தது. எண் என்ன காட்டியது என்று அவர் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பணத்தை எண்ணி வாங்கி, தூக்கில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் வாசலைத் தாண்டியதும் அந்த ஒரு காசு தனியாக வந்தது. சதுர அட்டைக்குள் வைத்து பின் அடித்து, மேலே 1911 என்று எழுதி, பல மடங்கு விலை போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1911இல் அச்சான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்கத்தில் ஒரு யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அச்சடிப்பதை நிறுத்தி, வெளியே போகாத காசுகளை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கையை நீட்டி மறுபடி அச்சடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று நாம் சொல்வது அந்த 1911ஐத்தான். வெள்ளி மதிப்புக்கு மேல் எப்போதுமே அதற்குத் தனி விலை உண்டு. எடைக்குப் போட வேண்டிய காசே அல்ல.

நான் அந்த வியாபாரியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவங்களே சம்மதிச்சுக் கொடுத்தாங்க. இதுல தப்பு என்ன சார்?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். சம்மதித்தார், உண்மைதான். எதற்குச் சம்மதித்தார்? எல்லாம் ஒரே ரேட் என்று நீங்கள் சொன்னதற்கு. அது பொய் என்று சொன்ன உங்களுக்குத் தெரியும், கேட்ட அவருக்குத் தெரியாது. ஒரு சேகரிப்பாளர் தெரியாமல் குறைத்து விற்றால் அது அவர் பாடு, அவர் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். புருஷன் விட்டுப்போன காசை ஒரே ஒரு தடவை விற்க வருகிற அம்மாவை நாணயவியல் படித்துவிட்டு வா என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவர் உங்கள் மேஜைக்கே வருகிறார். அந்த நம்பிக்கையிலிருந்து லாபம் எடுக்காதீர்கள்.

லாபமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேஜை வாடகை, ரயில் டிக்கெட், லாட்ஜ், கூட ஒரு பையன், எல்லாவற்றுக்கும் அந்த லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். வாங்கிய காசு அடுத்த வாரமே விற்கும் என்ற நிச்சயமும் இல்லை, சில காசுகள் மூன்று நான்கு வருடம் பெட்டியிலேயே கிடக்கும். 1000 ரூபாய்க்கு விற்கிற காசை 600க்கோ 700க்கோ வாங்கினால் யாரும் குறை சொல்லக்கூடாது. அடிக்கடி போகிற காசுக்குக் கொஞ்சம் கூடவும், தேங்குகிற காசுக்குக் கொஞ்சம் குறைத்தும் கொடுப்பீர்கள், அதுவும் சரிதான். இதை விற்க வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். "நான் இதை இவ்வளவுக்கு விற்பேன், உங்களுக்கு இவ்வளவு தர முடியும்" என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வெள்ளிக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம். 1939 வரைக்கும் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, அதாவது தேயாத காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1946, 1947இல் வந்தது நிக்கல் ரூபாய். அதில் வெள்ளியே கிடையாது, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். மூன்றையும் பிரித்து வைக்க வருடத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும், ஒரு நிமிட வேலை. ஆனால் விக்டோரியா ரூபாயையும் 1944 ரூபாயையும் ஒரே குவியலில் வைத்து, "பழைய காசு எல்லாமே பாதிக்குப் பாதி கலப்பும்மா" என்று பாதி வெள்ளிக்கு மட்டும் விலை போடுவதை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அப்புறம் அதிலும் 'கழிவு' என்று ஒரு பிடித்தம். குவியலுக்குள் 1939 ரூபாய் ஒன்று இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் மிக மிக அரிதாகக் கிடைக்கிற வருடம் அது. அடுத்த வருடத்துக் காசு தாராளமாகக் கிடைக்கும். கடைசி இரண்டு எண்களில் இருக்கிற வித்தியாசத்தை வியாபாரி சொன்னால்தான் விற்கிறவருக்குத் தெரியும்.

உங்கள் பக்கம் இருக்கிற சலிப்பும் எனக்குப் புரிகிறது. வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேர் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் பல லட்சத்துக்குப் போகும் என்று எவனோ சொல்லியிருப்பான். 2012 வருடம் போட்டு புழக்கத்துக்கு வந்த நினைவு நாணயம் அது. தாமரைப் பூ போட்ட 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று இன்னொருவன் சொல்லியிருப்பான். அலுமினியப் பத்து பைசா ஒரு மூட்டை கொண்டுவந்து எத்தனை கோடி கிடைக்கும் என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால், ஏமாற்றப் பார்க்கிறான் என்று உங்களையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். நாள் முழுக்க இதற்கே பதில் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் அந்த எரிச்சலில் பதினொன்றாவதாக வருகிறவரிடம் கை வீசி "இதெல்லாம் போகாது, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும்போது, அவர் பையின் அடியில் என்ன இருந்தது என்று யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

இந்த வதந்திகளுக்கு மண்டபத்திலேயே பதில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பைப் பெரிதாக அச்சடித்து வாசலில் ஒட்டுங்கள். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, எங்கள் பெயரில் கேட்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. 'உங்கள் நாணயத்துக்கு லட்சம் ரூபாய் ரெடி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்ற போன் அழைப்பில் பணத்தை விட்டவர்கள் நம் எல்லோர் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே தாமரைப் பூ 20 பைசாவையும் வைஷ்ணோ தேவி காசையும் ஒரு கண்ணாடிக்குள் வைத்து, உண்மையில் என்ன விலைக்குப் போகும் என்று எழுதி வைத்துவிட்டால் பாதிக் கேள்வி வாசலிலேயே தீர்ந்துவிடும்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா, 1818' மறுபக்கம் என்று ஒரு செப்புக் காசு ஊரெல்லாம் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அச்சடித்ததே இல்லை. இது உங்களில் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் சில மேஜைகளின் ஓரத்தில் ஒரு தட்டில் அது கிடக்கிறது. கேட்டால் "டோக்கன் சார், பூஜைக்கு வாங்குவாங்க" என்று பதில் வருகிறது. வாங்கிப் போகிறவர் பூஜையில் வைக்கலாம். அவர் மகன் பத்து வருடம் கழித்து அதை அபூர்வ நாணயம் என்று நம்பி உங்கள் மேஜைக்கே விற்கக் கொண்டுவருவான். அன்றைக்கு அதே மண்டபத்தில் ஒருவரும் தொடமாட்டீர்கள். அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டும் 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் காட்டி ஏமாற்றுவதும் இந்த மாதிரிக் காசுகளைத்தான். மண்டபத்துக்குள் எந்த மேஜையிலும் இது இருக்கக்கூடாது என்று அமைப்பாளர்கள் ஒரு விதி போட்டால் போதும். மேஜை வாடகை ரசீதிலேயே அந்த விதியை அச்சடித்துவிடலாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. வெள்ளி ரூபாயில் ஏமாந்தால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். பழங்காசில் நடப்பது எல்லோருக்கும் நஷ்டம். கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்த காசுகள் சங்க காலத்தைப் பற்றி நமக்குச் சொன்னவை கொஞ்சமா? மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த காசுகள் கிடைக்காமல் போயிருந்தால், சேர மன்னர்கள் தங்கள் பெயரிலேயே காசு வெளியிட்டார்கள் என்பதற்குக் கையில் எடுத்துக் காட்டச் சான்று இருந்திருக்காது. பெருவழுதி என்று எழுதிய பாண்டியர் செப்புக் காசை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர், 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். பத்திரிகை ஆசிரியரான அவர் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். இந்தத் துறையில் பல முக்கியமான காசுகள் அகழாய்வுக் குழியிலிருந்து வரவில்லை. சில்லறை வியாபாரிகள், சேகரிப்பாளர்கள் கை மாறித்தான் அறிஞர்களிடம் போயிருக்கின்றன. அந்த வழியில் உங்களுக்கும் பெரிய பங்கு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். ஒருவர் பச்சைக் களிம்பு ஏறிய சதுரச் செப்புக் காசுகளைக் கொண்டுவந்து கொட்டும்போது, விலை பேசுவதற்கு முன்னால் "இது எங்கே கிடைத்தது?" என்று கேளுங்கள். எந்த ஊர், ஆறா வயலா, கூட வேறு என்ன கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊர் பெயர் போய்விட்டால் அந்தக் காசு பாதி ஊமையாகிவிடுகிறது. மண்ணுக்குள் பானையோடு கிடைத்ததாக இருந்தால் அது உங்கள் மேஜைக்கு வர வேண்டியதே இல்லை. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கொண்டுவருகிறவருக்கு அது தெரியாது, பயந்துகொண்டே வருவார். அவரை மிரட்டி அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக, தாலுகா ஆபீஸில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் அது பெரிய காரியம். நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி பழம்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மண்டபத்துக்குள் வருகிறவருக்கும் தெரியட்டும்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடுங்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் முறை வைத்து உட்காரட்டும். விற்க வருகிறவர் முதலில் அங்கே காட்டட்டும். எது வெறும் சில்லறை, எது வெள்ளி எடைக்குப் போகும், எதைத் தனியாக விலை பேச வேண்டும் என்று மூன்றாகப் பிரித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த மேஜையில் உட்காருகிறவர் அன்றைக்கு அங்கே காட்டப்பட்ட எதையும் தானோ, தன் ஆள் மூலமாகவோ வாங்கக்கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மேஜை போட்டே பிரயோஜனம் இல்லை. மதிப்புச் சொல்கிறவரே வாங்குகிறவராகவும் இருக்கும்போதுதான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது.

வியாபாரிகளே, தராசை விற்கிறவர் பக்கம் திருப்பி வையுங்கள். ஒரு குவியலிலிருந்து ஒரே ஒரு காசை மட்டும் எடுக்க நினைத்தால், ஏன் அதை மட்டும் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வாங்கியதற்கு ஒரு சின்ன பில் கொடுங்கள். எத்தனை காசு, என்ன வருடம், எவ்வளவு பணம், அவ்வளவுதான். வீட்டில் அண்ணன் தம்பிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் பல பேர். பில் இல்லாமல் போனதால் விற்ற பெண் மீதே சந்தேகம் வந்து குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'காசுகளைத் தேய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.' கண்காட்சிக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, புளி போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, பாத்திரம் விளக்கும் பொடி போட்டு, பளபளவென்று தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். மரியாதையாகக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம்தான் அது. நூறு வருடமாக ஏறிய நிறத்தை ஒரே ராத்திரியில் உரித்துவிட்டு, மேலே கோடு கோடாகக் கீறலோடு வந்து நிற்பார்கள். பாதி விலைகூடத் தேறாது என்று நீங்கள் சொல்லும்போது அவர்களுக்கு ஏன் என்றே புரியாது. நோட்டீஸில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் காசு தப்பியிருக்கும்.

அடுத்த கண்காட்சிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் நிர்வாகக் குழுவில் இதைப் பேசுங்கள். மேஜையில் உட்கார ஆள் இல்லை என்று சொல்வீர்களானால், இரண்டு நாளும் உட்கார நான் தயார். அன்றைக்கு நான் ஒரு காசும் வாங்க மாட்டேன் என்று எழுதியும் தருகிறேன். என்னைப் போலவே வர விரும்புகிற சேகரிப்பாளர்கள் கரூரிலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். லென்ஸ், தராசு, காந்தம் நாங்களே கொண்டுவருகிறோம். மேஜையும் நாலு நாற்காலியும் மட்டும் நீங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு நாணயச் சேகரிப்பாளர்